எது எதன் பக்கத்தில்?

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

மண்டையோட்டின் அடித்தளத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தாய். பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதே அம்மா. எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேள்.

கேவர்னஸ் சைனஸை எடுத்துக்கொள். மூன்றாவது, நான்காவது மூளை நரம்புகளும் ஐந்தாவதின் முதல் இரண்டு கிளைகளும் அதன் வெளிச்சுவரில் ஓடுகின்றன. ஆறாவது மட்டும் உள்ளே, கரோடிட் தமனியை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் தமனி வீங்கும்போது பல நேரம் ஆறாவது நரம்பு முதலில் அடிபடுவதும், கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போவதும் இந்த நெருக்கத்தால்தான்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று வைத்துக்கொள். பல வருடச் சர்க்கரை. ஒரு பக்க இமை தொங்கிவிட்டது. முதலில் அவருடைய கண்பாவையைப் பார். பாவையைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. கரோடிட்டிலிருந்து பின் இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் அன்யூரிசம் என்ற தமனி வீக்கம் இருந்தால், அது வெளியிலிருந்து அழுத்தும், பாவை விரியும். சர்க்கரையால் நரம்பின் உள்பகுதிக்கு ரத்தம் குறைந்திருந்தால், பாவை பெரும்பாலும் தப்பிவிடும். விதிவிலக்கு உண்டு, ஆகவே ரத்தக்குழாய் ஸ்கேனைத் தள்ளிப்போடாதே.

அந்த அன்யூரிசத்துக்குக் கிளிப் போடும்போது சற்று மேலே பார். முன் கோராய்டல் தமனி அங்கேதான் கிளம்புகிறது. மெல்லிய குழாய், கிளிப்பில் சிக்கினால் எதிர்ப்பக்கக் கையும் காலும் செயலிழக்கலாம். காதுநரம்புக் கட்டியிலும் கவனம் வேண்டும். முகநரம்பு பெரும்பாலும் கட்டியின் முன்பக்கம் தகடுபோல் மெலிந்து படர்ந்திருக்கும். பின்னாலிருந்து நுழையும் நம் கண்ணுக்குக் கடைசியில்தான் படும். தெரியாத நரம்பையும் இருக்கும் இடத்தில் வைத்து எண்ணத் தெரிந்தவர்தான் அதைக் காப்பாற்றுவார்.

1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் கிடையாது. நோயாளியின் கண்ணும் முகமும் கைகால்களும் சொல்வதைக் கேட்டு, ஆஞ்சியோகிராமில் தமனி விலகியிருப்பதைப் பார்த்து இடத்தைக் கணித்த காலம் அது. பின்னாளில் அவர் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் ஒரு மையத்தை வளர்த்தார். இன்று உன்னிடம் திரையில் இடம் காட்டும் நேவிகேஷன் இருக்கிறது. ஆனால் திறந்தபின் மூளை சற்று நகர்ந்துவிடும். திரையில் உள்ள படமோ அறுவைக்கு முன் எடுத்தது.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ரோட்டன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், தமனிகளில் சிவப்பும் சிரைகளில் நீலமும் செலுத்திய தலைகளை நுண்ணோக்கியின் கீழ் பல பத்தாண்டுகள் பிரித்துப் பார்த்தார். அவருடைய படங்களைப் பார், அதோடு நின்றுவிடாதே. உடற்கூறு அறைக்குப் போ. பொட்டெலும்பை நீயே டிரில் செய். வில்லிஸ் வளையம் நூலில் வரைந்தபடி எல்லோருக்கும் முழுமையாக இருப்பதில்லை என்பதை உன் கண்ணால் காண்பாய். அந்த வேறுபாடுகளைத் தேதியிட்டு வரைந்து வை.

தன் உடலைப் படிப்புக்குக் கொடுத்த ஒருவர் அங்கே உனக்காகப் படுத்திருக்கிறார். தவறுகளை அந்த மேஜையிலேயே செய்து தீர்த்துக்கொள். அறுவை அரங்கில் படுத்திருப்பவருக்கு இருப்பது ஒரே ஒரு முகநரம்புதான், அந்தப் பக்கத்துக்கு.

அன்புடன்,
உன் மூத்த சக டாக்டர்