தம்பி, அந்த டேப்பை எடு

தையல் டேப் வீட்டில் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கும், தேடி எடு. எடை மெஷினைவிட அதுதான் முதலில் வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்று. வயிற்றை எக்கக் கூடாது! மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளவைப் பார். ஆம்பளப் பிள்ளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளப் பிள்ளைக்கு 80. அதைத் தொட்டுவிட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடிவிட்டது என்று வைத்துக்கொள். "பேண்ட் சைஸ் மாறவே இல்லையே அக்கா" என்று சொல்லாதே. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் சைஸ் எப்படி மாறும்?

எடைக்கும் நம்மவர்களுக்குத் தனிக் கணக்கு. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25 வரை சரி என்பது வெள்ளைக்காரர் உடம்புக்குப் போட்டது. நம்மைப் போன்ற ஆசியர்கள் 23-லேயே உஷாராக வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம். 165 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 63 கிலோவில் உஷார், 75-இல் அபாயம்.

இருபத்தைந்து வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறாயா? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்தது தெரிந்தது. மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னால். நம் மலேசியச் சுகாதார அமைச்சு 2019-இல் எடுத்த ஆய்வில் இந்தியர்களில் 63.9 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2023 ஆய்வு இன்னும் மோசம்: 18 முதல் 29 வயதுக்குள் இனிப்புநீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

இதைச் சொன்னதும் நீ ஒரே மாசத்தில் பத்துக் கிலோ குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும். வேண்டாம். அமெரிக்காவில் கார்டியா என்றொரு ஆய்வு. 1985, 86-இல் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுக்காரர்கள் 5,115 பேரைச் சேர்த்து, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், பி.எம்.ஐ. இரண்டு புள்ளிக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் வைத்திருந்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பெரிதாக மோசமாகவில்லை. ஆரம்பத்திலேயே கொஞ்சம் குண்டாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனவர்களுக்குத்தான் வினை. ஆனால் எடையை நிறுத்தி வைத்தது ஆறில் ஒருவர்தான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் கறுப்பர்களும் வெள்ளையர்களும். நம் ஆள்கள் இல்லை. ஆனாலும் எனக்கு இது ரொம்பப் பிடித்த சேதி. ஒல்லியாகத்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை பார், இன்றைய எடையைத் தாண்டாதே என்கிறார்கள். 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு புள்ளி என்பது ஐந்து கிலோ சொச்சம். இன்றைய எடையையும் இடுப்பளவையும் தேதியோடு போனில் எழுதி வை.

இனி சாப்பாடு. கடலோரம் கோத்தா கோலா மூடாவில் இருந்துகொண்டு மீனுக்குப் பஞ்சமா? கெம்போங் வாங்கு. விலையும் மலிவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா 3-உம் உண்டு. பொரிக்காமல் குழம்பு வை, இல்லையென்றால் சுட்டுச் சாப்பிடு. நாசி கண்டார் கடையில் சோறு மூழ்கக் குழம்பு ஊற்றும் குவா பஞ்சிர் கேட்காதே, குழம்பைத் தனியாக வைக்கச் சொல். சுங்கைப்பட்டாணி ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். விடியற்காலை வெளியே வந்ததும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போவதுதான் தொப்பைக்கு நேர்வழி. "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொன்னாலும் டின்பால் விழத்தான் செய்யும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் கேள். பால் இல்லாமல் முடியாது என்றால் சர்க்கரை மட்டும் போடாத தே சி கொசோங். பாட்டில் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 2019-இலிருந்து அரசாங்கம் வரி போடுகிறது. லேபிளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்கு.

சிகரெட், வேப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விடு.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் பார்க்கச் சொல். அப்பாவுக்கு 55-க்கு முன்னாலோ அம்மாவுக்கு 65-க்கு முன்னாலோ மாரடைப்பு வந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல். தங்கச்சிகளே, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சர்க்கரை ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. அம்மா அப்பாவையும் கூடவே கூட்டிப் போ. 40 வயது நிரம்பிய, குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பத்தாருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

கடைசியாக ஒன்று. நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறி, வியர்த்துக் கொட்டினால் "வாயுதான்" என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுக்காதே. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தும் போகாதே. 999-ஐக் கூப்பிடு.