சினாப்சிஸுக்கு முந்தைய மாதம்

ஆய்வேட்டில் திருடுகிறவர்கள் எல்லோரும் திருடும் எண்ணத்தோடு பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் அல்லர். நாலு வருடம் தள்ளிப்போட்ட எழுத்தை சினாப்சிஸுக்கு (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) முந்தைய மாதம் எழுத உட்காரும்போதுதான் கை வேறு பக்கம் போகிறது. தூக்கமும் தைரியமும் அந்த மாதத்தில்தான் போகின்றன. கீழே உள்ளவை அதற்கு முன்பே செய்யவேண்டியவை.

செய்ய வேண்டியவை

• குறிப்பெடுக்கும் அன்றே நூல், பதிப்பு, பக்க எண்ணை எழுதிவிடுங்கள். பிறர் வாக்கியம் என்றால் மேற்கோள்குறி போட்டே எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து அது அவர் எழுதியதா, நீங்கள் எழுதியதா என்று உங்களுக்கே தெரியாது. "வேண்டுமென்று செய்யவில்லை சார்" என்று சொல்லும் பலர் பொய் சொல்வதில்லை. அவர்களின் நோட்டு அந்த லட்சணத்தில் இருக்கிறது.

• தெரியாததைக் கேளுங்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சமணக் கருத்துகள் பிடிபடாமல் போனபோது அந்த ஊர்ச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெளிந்தார். டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில் "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதற்கு அவ்வளவு நடக்க வேண்டியதில்லை.

• கருதுகோள் பொய்த்தால் பொய்த்தது என்றே எழுதுங்கள். அதற்கும் பட்டம் உண்டு.

• யுஜிசியின் 2022 விதிகளை ஒருமுறையாவது படியுங்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இது தெரியாமலே பயந்து கிடப்பவர்கள் நிறைய.

செய்யக்கூடாதவை

• 10 சதவீதம் வரை காப்பியடிக்க அனுமதி என்று நினைக்காதீர்கள். யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிகளின்படி அதுவரை தண்டனை இல்லை, அவ்வளவே. 40 சதவீதத்தைத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தமிழ் ஆய்வேடுகளை மென்பொருள் சரியாகப் பிடிக்காது என்றொரு தைரியம் விடுதிகளில் உலவுகிறது. மென்பொருள் விட்டாலும், ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிய ஆய்வேட்டை யாரும் படிக்கலாம், பறிகொடுத்தவர் உட்பட.

• நூறு வினாப்பட்டியலில் அறுபதுதான் திரும்பி வந்ததா? மீதி நாற்பதை விடுதி அறையில் உட்கார்ந்து நீங்களே நிரப்பாதீர்கள். அறுபது என்றே எழுதுங்கள். பெல் ஆய்வகத்தில் புகழின் உச்சியில் இருந்த இயற்பியலாளர் ஜான் ஹென்ட்ரிக் ஷோன், வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல் கோடு இருந்ததால் 2002இல் மாட்டிக்கொண்டார். இரண்டு வருடத்தில் முனைவர் பட்டமும் பறிக்கப்பட்டது.

• பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை போடும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று 2022 விதி கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• கைடைக் கண்டால் மாடிப்படி மாறிப் போகாதீர்கள். எழுதாத இயலை எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் திட்டு, ஆறு மாத ஒளிதலைவிட மலிவு.

• தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் அழைக்கலாம்.