வீட்டுக்கு வந்த பாடம்

ஹைதராபாத் நகரில் லாலாகுடா என்ற பகுதி இருக்கிறது. அங்கே ரயில்வே பணிமனை உண்டு. தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்.

மகள் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். காலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாலையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தின்கிறாள். கீரை வைத்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி விடுகிறாள். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

ஒரு நாள் பள்ளியில் ஆசிரியை சத்துணவுப் பாடம் நடத்தினார்.

"நேற்று நீங்கள் சாப்பிட்ட காய், கீரை, பழம் எவை? எழுதுங்கள்" என்றார்.

மகள் யோசித்தாள். 'உருளைக்கிழங்கு' என்று மட்டும் எழுதினாள்.

"உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது" என்றார் ஆசிரியை.

அப்படியானால் எவ்வளவு சாப்பிட வேண்டும்?

லாலாகுடாவுக்குப் பக்கத்தில் தார்னாகா இருக்கிறது. அங்கே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. இது 1918-ல் தமிழ்நாட்டுக் குன்னூரில் ஒரே ஓர் அறையில் தொடங்கியது. 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. இந்த நிறுவனம் 2024-ல் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையும் 400 கிராம் வேண்டும், பழம் 100 கிராம் வேண்டும் என்று அது சொல்கிறது. மொத்தம் அரைக் கிலோ.

வளரும் வயதில் இரத்தம் பெருக இரும்புச் சத்து தேவை. மாதவிடாயால் பெண்களுக்கு இரத்தம் குறைகிறது. 2019-21-ல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 100-க்கு 31 பேருக்கு இருந்தது.

மகள் இதை வீட்டில் சொன்னாள்.

"நம் வருமானத்தில் தினமும் பழம் வாங்க முடியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆப்பிள் மட்டும்தான் பழமா அம்மா? கொய்யாவும் பப்பாளியும் பழம்தானே. சிப்ஸ் வாங்கும் காசில் கொய்யா வாங்கலாம்."

மறுநாள் அம்மா முருங்கைக்கீரையைப் பருப்போடு சேர்த்துச் சமைத்தாள். மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்தாள். புளிப்புப் பழங்களிலும் கொய்யாவிலும் வைட்டமின் 'சி' உண்டு. கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது.

அப்பா கீரையை ஒதுக்கினார்.

"நீங்கள் ஒதுக்கினால் நானும் ஒதுக்குவேன் அப்பா" என்றாள் மகள். அப்பா சிரித்துக் கொண்டே சாப்பிட்டார்.

கடைசியில் அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். சட்டியில் கீரை இல்லை.

"அம்மா, உனக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கீரையை மூன்று பங்காக்கினார்கள்.

பிறகு தாயும் மகளும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். இரத்தப் பரிசோதனை செய்து கொண்டார்கள். இரத்தசோகை இருந்தால் உணவோடு மாத்திரையும் தேவைப்படும்.

பள்ளியில் பிள்ளைகள் பாடம் கேட்கிறார்கள். காய் வாங்குவதும் சமைப்பதும் வீட்டில் நடக்கிறது. பள்ளிப் பாடம் நம் அடுப்படிக்கும் வர வேண்டும்.

சிந்தியுங்கள்

1. நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்ட காய், கீரை, பழம் எவை? எழுதுங்கள்.

2. உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பழங்கள் எவை?

3. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்குக் காயும் கீரையும் மிஞ்சுகிறதா?