கடைசிக் கமா போடலாமா?

கேள்வி: ஆங்கிலத்தில் பல சொற்களை அடுக்கும்போது ‘ஆண்ட்’, ‘ஆர்’ ஆகியவற்றுக்கு முன் கமா வேண்டுமா?

பதில்: இரண்டு வழக்கமும் சரியே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடும். பிரிட்டிஷ் நாளிதழ்கள் பெரும்பாலும் போடுவதில்லை. பொருள் குழம்பும் இடத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓவர்டைம் ஊதியம் பெறாத வேலைகளின் சட்டப் பட்டியல் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடிந்தது. ‘ஆர்’ என்பதற்கு முன்னால் கமா இல்லை. விலக்கு பொட்டலம் கட்டுவோருக்குத்தான், விநியோகிப்பவர்களுக்கு அல்ல என்று ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் வாதிட்டனர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது; ஒரு கமாவுக்கு இது கொஞ்சம் அதிக விலைதான். சட்டமன்றமோ அந்தப் பட்டியலில் கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளைப் போட்டது.