இண்டிகேட்டரில் தொடங்குங்கள்: எலக்ட்ரிக்கல் வேலை பழக நினைக்கும் டூவீலர் மெக்கானிக்குக்கு

டூவீலர் பட்டறையில் எல்இடி இண்டிகேட்டர் மாட்டுவதை யாரும் பெரிய வேலையாக எண்ணுவதில்லை. நாலு நட்டு, எட்டு வயர், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் டெலிவரி கொடுத்த வண்டி மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து நிற்பதும் இந்த வேலையில்தான். ‘படபடன்னு அடிக்குதுண்ணே’, ‘எரியுது, ஆனா சிமிட்ட மாட்டேங்குது’, ‘லெஃப்ட் போட்டா நாலும் எரியுது’ என்று மூன்று புகார்களில் ஒன்றோடு வரும்.

மூன்றிலும் குறை பெரும்பாலும் விளக்கில் இருக்காது, சர்க்யூட்டில்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே தடவையில் முடித்து அனுப்புவார். பிரேக், கிளட்ச் வேலைக்கு ஆள் தெருவுக்குத் தெரு உண்டு. வயரிங் தெரிந்த ஆளைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் நகர நினைப்பவருக்கு இண்டிகேட்டர் நல்ல தொடக்கம். பேட்டரி, ஃபியூஸ், சாவி, ரிலே, சுவிட்ச், விளக்கு, எர்த் என்று ஒரு சர்க்யூட்டுக்குத் தேவையான எல்லாமே இந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கின்றன.

முதலில் கணக்கு

சாதாரண இண்டிகேட்டர் பல்பு 10 வாட். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக 20 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 1.7 ஆம்பியர். எல்இடி ஒன்று ஒன்றரை வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 3 வாட். அதாவது கால் ஆம்பியர். வண்டியோடு வந்த ஃப்ளாஷர் ரிலே 20 வாட் லோடை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதற்கு இந்தக் கால் ஆம்பியர் போதாது.

போதாதபோது என்ன நடக்கும் என்பது ரிலேயின் வகையைப் பொறுத்தது. சூட்டில் உலோகத் தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும் பழைய வகையில், கரண்ட் குறைந்தால் தகடு சூடேறாது. விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். எலக்ட்ரானிக் வகை அப்படியல்ல. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் ஓட்டுபவருக்குத் தெரியட்டும் என்று, லோடு குறைந்ததும் வேகம் கூடும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். எல்இடி போட்டதும் பல்பு போய்விட்டதாக நினைத்து அது படபடக்கிறது. ஆக, புகாரைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளே எந்த வகை ரிலே இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

வண்டியை வாங்கும்போது

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு இண்டிகேட்டரையும், மீட்டரில் உள்ள பைலட் விளக்கையும், ஹசார்டு சுவிட்ச் இருந்தால் அதையும், ஹாரனையும், பிரேக் லைட்டையும் போட்டுப் பாருங்கள். போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். ‘நீங்க கை வெச்ச பிறகுதான் ஹாரன் அடிக்கல’ என்ற பேச்சு பிறகு வராது.

அடுத்து பேட்டரி. இன்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நலம். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எல்இடி மாட்டினால் விளக்குகள் சீக்கிரம் கருகும், பழி உங்கள் மேல் விழும்.

வாடிக்கையாளர் ஆன்லைனில் வாங்கிக் கொண்டுவரும் விளக்கை நேரே மாட்டாதீர்கள். மேசையில் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் வைத்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பல்புக்கு ப்ளஸ், மைனஸ் பேதம் கிடையாது. எல்இடிக்கு உண்டு, மாற்றிக் கொடுத்தால் எரியாது. கறுப்பு வயர் மைனஸ் என்பது பொது வழக்கம். ஆனால் மலிவு சரக்கில் நிறத்தை நம்ப முடியாது. மூன்று வயர் வந்தால் ஒன்று பொதுவான எர்த், ஒன்று எப்போதும் எரியும் பார்க் விளக்குக்கு, ஒன்று இண்டிகேட்டருக்கு. எது எது என்று மேசையிலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

ஃப்ளாஷரா, ரெசிஸ்டரா?

லோடு பிரச்சினைக்கு இரண்டு வழிகள். லோடைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் சிமிட்டும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போடுவது ஒன்று. பழைய ரிலேயை ஏமாற்ற ரெசிஸ்டர் போடுவது இன்னொன்று.

ரெசிஸ்டரை இண்டிகேட்டரின் ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, விளக்குக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். கடையில் பரவலாகக் கிடைப்பது 10 ஓம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்றால் அதன் வழியாக 1.4 ஆம்பியர் ஓடும். எரியும் நேரத்தில் கிட்டத்தட்ட 20 வாட் வெறும் சூடாகப் போகும். சிக்னலில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் நின்றால் விரல் வைக்க முடியாது. பிளாஸ்டிக் பேனலையோ வயர் கட்டையோ ஒட்டி வைத்தால் உருக்கிவிடும். ஃபிரேமின் இரும்பில்தான் இறுக்க வேண்டும். எல்இடியால் மிச்சமாகும் கரண்டும் இதில் வீணாகிறது.

எனவே முதல் தேர்வு ஃப்ளாஷர். விலை சில நூறு ரூபாய்தான். இரண்டு பின் உள்ளதில் ‘பி’ பேட்டரிப் பக்கம், ‘எல்’ விளக்குப் பக்கம். மூன்று பின் உள்ளதில் ‘ஈ’ எர்த். பழைய ரிலேயில் வயர் எந்தத் திசையில் இருந்தாலும் ஓடியிருக்கும், எலக்ட்ரானிக்கில் ஓடாது. பின்னின் இடத்தை நம்பாமல் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். மூன்று பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

புதிய மாடல்கள் சிலவற்றில் தனி ஃப்ளாஷரே கிடையாது, சிமிட்டும் வேலையைக் கன்ட்ரோல் யூனிட்டே பார்த்துக்கொள்ளும். அங்கே ரிலேயைத் தேடி பேனல்களைக் கழற்றி நேரத்தைப் போக்காதீர்கள். சர்வீஸ் மேனுவலில் வயரிங் படத்தைப் பார்த்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

நாலும் எரிந்தால்

ஃப்ளாஷர் மாற்றியாயிற்று, வேகமும் சரி, ஆனால் இடது பக்கம் போட்டால் நாலும் சிமிட்டுகிறது. அனுபவசாலிகளையே சுற்றவிடும் இடம் இது. சுவிட்சையும் வயரிங்கையும் சந்தேகப்படும் முன் மீட்டரைப் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே பைலட் பல்பு இருக்கிறதா? அப்படியானால் காரணம் அங்கேதான்.

அந்தப் பல்பின் ஒரு முனை இடது வயரிலும் மறுமுனை வலது வயரிலும் இருக்கும். தனி எர்த் இருக்காது. இடதைப் போட்டால் கரண்ட் பைலட் வழியாகச் சென்று வலப்பக்க விளக்குகளின் வழியே எர்த்துக்கு இறங்கும். 10 வாட் பல்புகளை எரியவைக்க அந்தச் சிறு கரண்ட் போதாது என்பதால் முன்பு ஒன்றும் தெரியவில்லை. எல்இடிக்கு அதுவே போதும்.

உறுதிசெய்ய எளிய வழி: பைலட் பல்பைக் கழற்றிவிட்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிமிட்டினால் சந்தேகம் தீர்ந்தது. தீர்வுக்கு இரண்டு டயோடு போதும், 1என்4007 எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். இடது வயருக்கு ஒன்று, வலது வயருக்கு ஒன்று. வெள்ளிக் கோடு உள்ள இரண்டு முனைகளையும் சேர்த்துப் பைலட்டின் ஒரு முனைக்குக் கொடுங்கள். மறுமுனையை எர்த்தில் சேருங்கள். இனி கரண்ட் இரு பக்கமிருந்தும் பைலட்டுக்கு வரும், எதிர்ப்பக்கம் தாண்டாது. மீட்டரில் இரண்டு தனி அம்பு விளக்குகள் உள்ள வண்டிக்கு இந்த வேலை வேண்டியதில்லை.

வயர் வேலைதான் பெயர் வாங்கித் தரும்

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். ஒரு விளக்கை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நாலையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டால் எது எங்கே என்று தடுமாறுவீர்கள்.

நிறங்களை மனப்பாடம் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஹோண்டா வழக்கத்தில் இடது ஆரஞ்சு, வலது வெளிர்நீலம், எர்த் பச்சை, ஃப்ளாஷரிலிருந்து சுவிட்சுக்குச் செல்வது சாம்பல். யமஹா வழக்கத்தில் இடது சாக்லேட் நிறம், வலது கரும்பச்சை, எர்த் கறுப்பு. இருந்தாலும் முந்தைய கை எதையாவது மாற்றியிருக்கலாம். டெஸ்ட் லேம்ப்பில் பார்க்காமல் எந்த வயரையும் நம்ப வேண்டாம்.

கம்பெனி வயரிங்கை வெட்டாதீர்கள். புல்லட் கனெக்டர் போட்டு, பழைய கப்ளரில் பொருந்தும்படி செய்யுங்கள். நாளைக்கு வாடிக்கையாளரே பழைய விளக்கு வேண்டும் என்றாலும் சுலபமாக மாட்டலாம். வாரன்டியில் உள்ள வண்டியின் வயரை வெட்டினால் எலக்ட்ரிக்கல் வாரன்டி கிடைப்பது சிக்கலாகும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விடுங்கள், ஒரு மழைக்காலம் தாங்காது. சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ ஹீட் ஸ்லீவ் போடுங்கள். எர்த்தைப் பெயின்ட் அடித்த இரும்பில் கொடுக்காமல் வயரிங்கில் உள்ள எர்த் வயரிலேயே சேருங்கள்.

முன்பக்க வயருக்கு ஹேண்டில் திரும்பும் அளவு தளர்வு வேண்டும். இன்ஜின் ஓடட்டும், இண்டிகேட்டர் சிமிட்டட்டும், ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கடைசியாக 15 விநாடிக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை என்பது விதி. ஆகவே 15-க்கும் 30-க்கும் நடுவே வர வேண்டும்.

முடியாது என்று சொல்ல வேண்டியவை

இண்டிகேட்டரின் நிறம் ஆம்பர்தான். நீலம், சிவப்பு, வெள்ளை கேட்டு வருபவரிடம் மறுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்கு வரம்பு வைக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கண்ணாடி கறுப்பாக உள்ள ‘ஸ்மோக்’ விளக்கைப் பகல் வெயிலில் பத்தடி பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அவரே வேண்டாம் என்பார். நம்பர் பிளேட்டுக்குள் ஒளித்து வைக்கும் குட்டி விளக்கும் அப்படித்தான். பின்னால் லாரி ஓட்டி வருபவர் கண்ணுக்குப் படாத இண்டிகேட்டரால் பயனில்லை.

பேச்சும் பில்லும்

‘அண்ணே, லைட் மட்டும் மாத்துங்க, ரிலே எல்லாம் வேணாம்’ என்பது அடிக்கடி கேட்கும் பேரம். ‘மாட்டித் தரேன் தம்பி, ஆனா இதே ரிலேல ஓடினா படபடக்கும். நாளைக்கு நீ வந்து நின்னா ரெண்டாவது கூலி கேட்க வேண்டி வரும், இப்பவே சேர்த்துப் போட்டுரலாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ரிலே மாற்றாமல் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பாதிப் பேரம் அங்கேயே முடியும்.

பில்லில் விளக்கு, ஃப்ளாஷர், டயோடு, கனெக்டர் என்று தனித்தனியாக எழுதி, கூலியைத் தனி வரியில் போடுங்கள். உங்கள் வயர் வேலைக்கு உத்தரவாதம் கொடுங்கள். அவர் கொண்டுவந்த விளக்குக்குக் கொடுக்காதீர்கள், அதையும் பில்லிலேயே எழுதுங்கள். கழற்றிய பழைய இண்டிகேட்டரையும் ரிலேயையும் கவரில் போட்டுக் கையில் கொடுங்கள்.

அடுத்த படி

இந்த ஒரு சர்க்யூட் கைவந்தால் ஃபாக் லேம்ப், போன் சார்ஜர், ஹாரன் ரிலே எல்லாம் அதன் நீட்சிதான். மின்சார ஸ்கூட்டரிலும் விளக்குகளுக்குப் பெரிய பேட்டரியின் வோல்ட்டை 12-ஆகக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு வருவது நீங்கள் பழகிய அதே இண்டிகேட்டர் பாதைதான். பெரிய பேட்டரிப் பக்கம் மட்டும் முறையான பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

சான்றிதழ் வேண்டுமானால் ஐடிஐயில் ஆட்டோ எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில் உண்டு. முதலில் வாங்க வேண்டியவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், சால்டரிங் அயர்ன், நல்ல கிரிம்பிங் பிளையர். கூடவே ஒரு நோட்டு. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மாடலிலும் ஃப்ளாஷர் எங்கே இருக்கிறது, எத்தனை பின், பைலட் ஒன்றா இரண்டா, வயர் நிறம் என்ன என்று எழுதி வாருங்கள். மாடல் கூடக்கூட மற்றவர்கள் பேனலைக் கழற்றித் தேடும் நேரத்தில் நீங்கள் வேலையை முடித்திருப்பீர்கள். கூலியை நீங்கள் சொல்லும் நிலையும் அப்போதுதான் வரும்.