இலங்கை – சவூதி அரேபியா உறவு: முக்கியக் குறிப்புகள்
(நிர்வாக சேவை, ஆசிரியர் சேவைப் போட்டிப் பரீட்சைகளுக்குப் படிப்போருக்கு)

அக்கரைப்பற்றில் இருந்துகொண்டு வெளிநாட்டு உறவுகளைப் படிப்பவருக்கு நூலகம் தேடி அலையும் தேவை குறைவு. ஊருக்குப் பக்கத்திலேயே நுரைச்சோலையில் ஒரு பாடம் கட்டடமாக நிற்கிறது. ஆண்டுகளை மட்டும் ஒப்புவித்தால் பல்தேர்வு வினாவுக்குப் போதும். கட்டுரை வினாவுக்குக் காரணமும் தெரிய வேண்டும்.

• இராஜதந்திர உறவு தொடங்கிய ஆண்டு 1974. 2024இல் பொன்விழா. அப்போது இங்கே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, அங்கே மன்னர் பைசல்.

• ஏன் 1974? 1973 ஒக்டோபர் யுத்தத்துக்குப் பின் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்த இலங்கைக்கு அரபு நாடுகளின் நட்பு அவசியமானது. அணிசேரா இயக்கத்தில் முன்னணியில் நின்றதும், 1970இலேயே இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியிருந்ததும் இலங்கைக்குக் கைகொடுத்தன.

• இஸ்ரேல் விடயத்தில் ஆண்டுகள் குழம்பும். 1970 உறவு நிறுத்தம்; 1984 அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு, அதற்கு முஸ்லிம்களின் கடும் எதிர்ப்பு; 1990 பிரேமதாச அதனை மூடினார்; 2000 முழு உறவு மீண்டது.

• 1977 வரை வெளிவிவகாரப் பொறுப்பு பிரதமரிடமே இருந்தது. தனியாக நியமிக்கப்பட்ட முதலாவது வெளிவிவகார அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத். ஹாரிஸ்பத்துவ உறுப்பினரான இவர் 1989 வரை பதவியில் இருந்தார், 1993இல் மீண்டும் வந்தார். அடிக்கடி கேட்கப்படும் வினா இது.

• ரியாத்தில் இலங்கைத் தூதரகம், ஜித்தாவில் கொன்சல் ஜெனரல் அலுவலகம். வெளிநாட்டுத் தூதரகங்கள் முன்னர் ஜித்தாவிலேயே இருந்தன. 1980களின் நடுப்பகுதியில் ரியாத்துக்கு மாறின. ஹஜ் பயணிகளும் தொழிலாளரும் ஜித்தா வழியே போவதால் அங்கே அலுவலகம் இன்றும் தேவை. பொதுநலவாய நாடுகளுக்கு இடையில்தான் ‘உயர் ஸ்தானிகர்’. சவூதி அதில் இல்லை, ஆகவே ‘தூதுவர்’ என்றே எழுதுங்கள்.

• சவூதி அபிவிருத்தி நிதியம் 1974இல் நிறுவப்பட்டது. இலங்கையில் அதன் கடனுதவி சேர்ந்த திட்டங்களுள் களு கங்கை நீர்த்தேக்கம் (மாத்தளை மாவட்டம்), கொழும்பு வலிப்பு நோய் வைத்தியசாலை, பதுளை–செங்கலடி வீதி ஆகியவை முக்கியம். கிழக்கு மாகாணத்தவர் கடைசியை மறக்கக் கூடாது.

• ஹஜ் கோட்டா: பத்து இலட்சம் முஸ்லிம்களுக்கு 1,000 பேர் என்பது 1987இல் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு வகுத்த அளவுகோல். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கை முஸ்லிம்கள் சுமார் 19.7 இலட்சம் (9.7%). அந்தக் கணக்கில் 2,000க்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்க வேண்டும். 2024இல் கிடைத்தது 3,500. உறவின் நெருக்கத்துக்கு இலக்கம் காட்டச் சொன்னால் இதையே எழுதுவேன்.

நுரைச்சோலை வீட்டுத்திட்டம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேற்பட்டோர். பின்னர் வடக்கு கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது (தெற்கில் 100 மீற்றர்). மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கி அக்கரைப்பற்று வரை எங்கள் கரையோரம் மதிலோடு மதில் ஒட்டிய குடியிருப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். 200 மீற்றர் போனால் மிச்சம் எதுவுமில்லை. வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகளும் பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தை ஆகியனவும் எழுந்தன.

பயனாளிகள் தெரிவை எதிர்த்து 2008இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கலானது. அரச காணியில் அமைந்த வீடுகளை ஒரு சமூகத்துக்கு மட்டும் வழங்க முடியாது, மாவட்ட இன விகிதாசாரம் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என 2009இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக வீடுகள் பகிரப்படவில்லை. கூரை இற்று, முற்றத்தில் பற்றை மண்டியது. பெயர்ப்பட்டியலில் இருந்தவர்களின் பிள்ளைகள் வாடகை வீட்டிலேயே வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இது எனக்கு ஆறாத மனக்குறை. தீர்ப்பு சரியா தவறா என்பதைப் பரீட்சை கேட்காது. ‘வெளிநாட்டு உதவி உள்நாட்டுச் சட்டத்தோடு எங்கே முட்டுகிறது?’ என்று கேட்டால் விடை இதுதான்: நன்கொடை அந்த நாட்டுடையது, காணி நமது அரசினுடையது, பகிர்வு நமது யாப்புக்குக் கட்டுப்பட்டது. இந்த மூன்றையும் முதல் நாளிலேயே எழுத்தில் ஒப்பந்தமாக்கியிருந்தால் அந்த மக்கள் இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திராது.

• குழப்பம் வேண்டாம்: புத்தளம் மாவட்ட நுரைச்சோலையில் இருப்பது 900 மெகாவோட் லக்விஜய அனல்மின் நிலையம், சீன நிதி. அக்கரைப்பற்று நுரைச்சோலை சவூதி. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடன் (திறப்பு 2013). ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் குவைத் நிதியம் கடன் தந்தது.

• தொழிலாளர்: 1977 திறந்த பொருளாதாரத்துக்குப் பின் மத்திய கிழக்குப் பயணம் பெருகியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம்.

• உறவு கசந்த நாள்: 2013 ஜனவரி 9. மூதூரைச் சேர்ந்த இளம் பணிப்பெண்ணுக்கு, குழந்தையொன்றின் மரணம் தொடர்பான வழக்கில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி அனுப்பப்பட்டவர். குழந்தை இறந்த 2005இல் அவர் 18 வயதுக்கும் குறைந்தவர். கருணை கோரிய வேண்டுகோள்கள் பலிக்கவில்லை. இலங்கை தன் தூதுவரைத் திரும்ப அழைத்தது. நட்பு நாட்டுக்கு எதிராக இலங்கை எடுத்த மிகக் கடுமையான நடவடிக்கைகளில் ஒன்று இது.

• அடுத்த ஆண்டே, 2014 ஜனவரியில், வீட்டுப் பணியாளர் தொடர்பாக இருநாடுகளும் ரியாத்தில் ஒப்பந்தம் செய்தன: தினசரி ஓய்வு, உரிய நேரத்தில் சம்பளம், கடவுச்சீட்டைப் பணியாளரே வைத்திருக்கும் உரிமை. 2013ஐயும் 2014ஐயும் ஒரே விடையில் சேர்த்து எழுதுங்கள். பிரித்து எழுதினால் காரணகாரியத் தொடர்பு விடுபட்டுப் போகும்.

• சவூதி வெளிவிவகார அமைச்சர் இளவரசர் பைசல் பின் பர்ஹான் கொழும்பு வந்தது 2022 மார்ச்.