டப்பாவை விடுங்கள், சரக்கைத் தேடுங்கள்

லண்டனிலிருந்து ஜெர்மனிக்குக் குடிவந்தவர்கள் முதல் மாதம் முழுக்கப் பழகிய டப்பாவைத் தேடிக் கடைகடையாக அலைகிறார்கள். அதற்குள் இருக்கும் சரக்கு, வேறு பெயரில் பக்கத்து ரேவே, எடேகா சூப்பர் மார்க்கெட்டிலேயே பெரும்பாலும் இருக்கும்.

மாவில் தொடங்குவோம். இங்கே பாக்கெட்டில் எண் போட்டிருப்பார்கள். 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதே அந்த எண். எண் கூடினால் தவிடு கூடும். நம் பிளெய்ன் ஃப்ளாருக்கு நெருக்கமானது 405. செல்ஃப் ரெய்சிங் மாவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 405-உடன் ‘பாக்புல்ஃபர்’ எனும் பேக்கிங் பவுடர் கலந்தால் போதும். ஒரு பொட்டலம் அரைக் கிலோவுக்கு என்பது ஜெர்மன் கணக்கு. ஸ்கோனுக்கு அது பற்றாது, நான் ஒன்றரை போடுவேன். சமையல் சோடாவுக்கு இங்கே ‘நாட்ரோன்’ என்று பெயர்.

கஸ்டர்டுக்கு வனிலா புடிங் பொடி வாங்குங்கள். பேர்ட்ஸ் கஸ்டர்டைப் போலவே இதுவும் முட்டையில்லாத சோள மாவுதான். அரை லிட்டர் பாலுக்கான பொடியை முக்கால் லிட்டரில் காய்ச்சினால், ஊற்றும் பதத்தில் வரும். சிரப்பில் ஒரு பொறி உண்டு: கிராஃப்ஷாஃப்டரின் ‘கோல்ட்ஸாஃப்ட்’ பெயரில்தான் தங்கம், உள்ளே கன்னங்கரிய பீட் பாகு. அது டிரீக்கிளுக்கு மாற்று. கோல்டன் சிரப்புக்கு அவர்களுடைய வெளிர்நிறச் சிரப்பை எடுங்கள். சிப்ஸுக்கு வினிகர் வாங்கும்போது கவனம். ‘எஸிக் எஸ்ஸென்ஸ்’ என்பது 25 சதவீத அமிலம், அப்படியே ஊற்றினால் வாய் வெந்துவிடும்.

தேநீர்தான் பலருக்கும் பெரிய குறை. சூப்பர் மார்க்கெட்டின் சாதாரணப் பைகளில் பால் ஊற்றினால் சாயமே நிற்காது. ‘ஓஸ்ட்ஃப்ரீசன்’ என்று எழுதிய பாக்கெட்டை எடுங்கள். வடமேற்குக் கரையோரத்து கிழக்கு ஃப்ரீஸியர்கள் அஸ்ஸாம் இலையை அடிப்படையாக வைத்துக் கலக்கும் கடுந்தேநீர் அது. கற்கண்டும் கிரீமும் போட்டுக் குடிப்பார்கள், பாலுக்கும் அசையாது. ஆனால் அது அந்த ஊரின் மென்னீருக்கென்று கலந்தது. மியூனிக் போன்ற கடினநீர் ஊர்களில் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வையுங்கள்.

லண்டனிலிருந்து அக்கா அனுப்பும் பார்சலில் இறைச்சியும் பால் பொருள்களும் இருக்கக்கூடாது. 2021 ஜனவரி 1 முதல் சூட்கேஸில் கொண்டுவரவும் தடை. பிஸ்கட், சாக்லேட்டுக்குத் தடையில்லை. 45 யூரோ வரையான அன்பளிப்புக்குச் சுங்கம் கிடையாது. பிரிட்டிஷ் கடையில் நீங்களே வாங்கினால் முதல் யூரோவிலிருந்து வரி உண்டு. அயர்லாந்துக் கடையில் ஆர்டர் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. செடாருக்கு அதுகூட வேண்டாம், ஐரிஷ் செடார் இங்கேயே கிடைக்கிறது.

பேக் பேக்கன் வேண்டுமென்றால் இறைச்சிக் கடையில் வேகவைக்காத ‘காஸ்லர்’ (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சி) முதுகுத் துண்டை மெல்லிசாகச் சீவித் தரச் சொல்லுங்கள். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்; ஞாயிற்றுக்கிழமை காலை உணவு நினைவுக்கு வரும்போது கடை பூட்டியிருக்கும்.